சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு ரசீது

என் வீட்டுக்காரர் பாம்புக்குப் பயந்ததில்லை. மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் மழைக்காலமானால் குளியலறைக்குள் சாரை வந்துவிடும். துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போலக் காபி கேட்பார். அவர் பயந்தது பழுப்புக் கவருக்குத்தான். அரசாங்க முத்திரை குத்திய நீளமான பழுப்புக் கவர். அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கோ அவர் ஆபீசுக்கோ வந்துவிடக் கூடாது என்று பதினாலு வருஷம் இரண்டு பேரும் பயந்துகொண்டே இருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவருடைய அக்கா கொழும்பில் இருந்தார். அக்காவின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் வராமல் தாலி ஏறாது என்று கடிதத்துக்கு மேல் கடிதம். இவர் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். வெளிநாடு போக ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அலையாய் அலைந்தார். கடைசியில் வந்த அனுமதிக் கடிதத்தில், அரசு ஊழியருக்குத் தகாத காரியம் எதிலும் ஈடுபடக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டார். எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிற மனுஷன். பால் கார்டைக்கூடப் படிப்பார்.

அதே மனுஷன்தான் எங்கள் தெருமுனையில் இருந்தவரிடம் போய் யோசனை கேட்டார். அந்த ஆளுக்குப் பீச் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் வெளிநாட்டுச் சாமான் கடை. தினமும் ஒரே எலெக்ட்ரிக் டிரெயினில் போகிற பழக்கம். அக்கா ஏதாவது கொடுத்தனுப்பினால் என்ன செய்வது என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து பாடம் நடத்தினார்.

"இன்னா சார் இதுக்குப் போய் பேஜார் ஆவுற. பக்கத்து நாட்டுக்குப் போய் நாலு நாள்ல திரும்பறவனுக்கு சலுகை கம்மி சார். புதுசுன்னு சொன்னா கஸ்டம்ஸ்காரன் வெலையவிட டூட்டி ஜாஸ்தி போட்டுடுவான். டப்பாவ அங்கயே கடாசிடு. பிளேடால ரெண்டு கீறல் போடு. எங்க வூட்டுதுதான், பாட்டு கேக்க எடுத்துகினு போனேன்னு சொல்லிகினு வா. அவ்ளோதான்."

இவர் தலையை ஆட்டினார். நானும் பின்னால் நின்று தலையை ஆட்டினேன். என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

பெண்கள் இரண்டு பேரையும் குரோம்பேட்டையில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கல்யாணம் நன்றாக நடந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் அக்கா ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து தம்பி மடியில் வைத்தார். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்தது. கறுப்பும் வெள்ளியுமாக, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். சின்ன வயதில் பாட்டுக் கேட்பதற்காகவே பக்கத்து வீட்டுச் சன்னலடியில் போய் நிற்பாராம் இவர். அக்கா அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். இவருக்கும் கண் கலங்கியது. அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அதற்குப் பிளேடால் கீறல் போட்டார்கள். குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி அத்தனை பக்குவமாக.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் குளித்து விளக்கேற்றினேன். பக்கத்திலேயே மேசைமேல் அது இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு புதுப் பொருள் வந்தால், குண்டூசி டப்பாவானாலும் பொட்டு வைக்காமல் யாரும் தொட மாட்டோம். முதல் நாள் வைக்கவில்லையே என்று மனசு உறுத்தியது. முன்பக்கம் வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று திருப்பி, பேட்டரி போடுகிற மூடிமேல் சந்தனம் மூன்று இடத்தில் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். கும்பிட்டேன். இது நல்லபடியாக வீடு வந்து சேரணும் என்று வேண்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. இவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது பகல் பன்னிரண்டு மணி. கஸ்டம்ஸ் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு பையனின் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். நைலக்ஸ் புடவைகளும் குடைகளும் சோப்புகளும் மேசையெல்லாம் பரவின. அவனைத் தனியாக ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. இவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் மாட்டியிருந்த டூ-இன்-ஒன் அவர் மூச்சுக்கு ஏறி இறங்கியது. எனக்கு நினைப்பெல்லாம் ஒன்றுதான். இவருக்கு இங்கே ஏதாவது என்றால் ஆபீசுக்கு ஒரு வரி எழுதுவார்கள். வேலை போய்விடும். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு நாங்கள் நடுத்தெருவில் நிற்போம்.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். விபூதி வைத்திருந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"இது?"

"எங்களோடது சார். போகும்போது எடுத்துட்டுப் போனது. பழசு."

மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிப்பது போலச் சொன்னார். குரல் அவருடையதாகவே இல்லை. அதிகாரி அதைக் கையில் வாங்கினார். கீறலைத் தடவிப் பார்த்தார். அப்படியே திருப்பினார்.

அந்த நிமிஷம்தான் எனக்குப் பொட்டு ஞாபகம் வந்தது.

சந்தனம் இன்னும் உதிரக்கூட இல்லை; குங்குமம் அவர் விரல் நுனியில் ஒட்டியது. விரலைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்தான் கேட்டார்.

"பழசுக்கு யாரும்மா இன்னிக்குக் காலையில பொட்டு வெப்பாங்க?"

ஆயுத பூஜைக்கு வைத்தது என்று சொல்ல நினைத்தேன். வைகாசியில் ஏது ஆயுத பூஜை? வெள்ளிக்கிழமைதோறும் வைப்போம் என்று சொல்ல நினைத்தேன். அவர் விபூதி என்னைச் சொல்லவிடவில்லை. இவர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. யார் இந்தக் காரியம் செய்தது என்று இவருக்கு அப்போதுதான் புரிந்தது. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"புதுசுதான் சார்," என்றேன். "எங்க நாத்தனார் குடுத்தது. இவரு பயத்துல மாத்திச் சொல்லிட்டாரு. இவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல சார். கவர்மெண்ட் உத்தியோகம். ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

சொல்லி முடித்ததும் மூடிய அந்தக் கதவைத்தான் பார்த்தேன்.

அதிகாரி கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். வரி எவ்வளவு ஆகும் என்று சொன்னார். இவருடைய சம்பளத்தில் நினைத்தே பார்க்க முடியாத தொகை. கட்ட முடியாதென்றால் சாமானை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றார். ஒரு தாளை எடுத்து நிதானமாக இங்கிலீஷில் எழுதினார். எழுதி, தாளை இவர் பக்கம் தள்ளினார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

இவர் படிக்கவில்லை. பேனாவை வாங்கி அவர் விரல் வைத்த இடத்தில் போட்டார். பால் கார்டைப் படிக்கிற மனுஷன். அதிகாரி மறுபடியும், "படிங்க சார்," என்றார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். நகலை அவர் என் கையில் கொடுத்தார்.

டூ-இன்-ஒன்னை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து மீனம்பாக்கம் ஸ்டேஷன்வரை வெயிலில் நடந்தோம். டிரெயினில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தாம்பரத்தில் இறங்கும்போது சொன்னார்.

"அந்தப் பேப்பர என் கண்ணுல காட்டாத."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு, பிளேடு எடுத்தது யார் என்று கேட்டிருப்பேன். சண்டை போட்டு ஆறியிருப்போம். அந்த வழியே இல்லாமல் போயிற்று. ரசீதை நான்காக மடித்து ஒரு கவரில் போட்டு, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். இந்தக் கண்டத்திலிருந்து காப்பாற்று, குன்றத்தூர் மலைக்கு ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பொட்டு வைக்கும்போது அந்தக் கவருக்கும் ஒன்று வைப்பேன். நான் பத்தாவது படித்தவள்தான். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படித்துவிடுவேன். பொய் சொல்லிப் பிடிபட்டதாகத்தான் அதில் எழுதியிருக்கும் என்று, எடுத்துப் பிரிக்க மட்டும் கை வரவில்லை.

அதற்குப் பிறகு தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். இவர் ஆபீசிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தால் கடிதம் வந்துவிட்டது என்றே நினைப்பேன். முகத்தைப் பார்ப்பேன். அவரும் செருப்பைக் கழற்றுமுன் என் முகத்தைத்தான் பார்ப்பார். இரண்டு பேரும் ஒன்றும் கேட்டுக்கொள்ள மாட்டோம். சாப்பாடு போடுவேன்.

கொஞ்ச காலத்தில் கொழும்பில் கலவரம் வந்தது. அக்கா குடும்பம் கட்டிய துணியோடு இங்கே வந்து இறங்கியது. எங்கள் வீட்டில்தான் ஒரு மாதம் இருந்தார்கள். எல்லாம் போய்விட்டது என்று அழுத அக்கா, மூன்றாம் நாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அந்த டூ-இன்-ஒன் எங்கடா? அதுவாவது தப்பிச்சுதே, கொஞ்சம் பாட்டுப் போடு," என்றார்.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்க்கா," என்றார் இவர். பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று நான் சாட்சி சொன்ன மனுஷன். அக்கா திருச்சிக்குப் போகிறவரை அது ரிப்பேரிலேயே இருந்தது.

பதவி உயர்வு வந்தது. அவர்கள் ஆபீசில் உயர்வு தருவதற்குமுன் ஆளின் மேல் வழக்கோ புகாரோ இருக்கிறதா என்று பல இடத்துக்கு எழுதிக் கேட்பார்கள். இவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குடும்பச் சூழ்நிலை, மாற்றலில் போக இயலாது என்று காரணம். சில வருஷம் கழித்து மறுபடி வந்தது. மறுபடியும் வேண்டாம் என்றார். பெண்டாட்டி முந்தானையை விட்டுப் போக மனசில்லை என்று ஆபீசில் கேலி செய்தார்களாம். இவர் வேலை கற்றுக்கொடுத்த ஒருவர் இவருக்கே அதிகாரியாக வந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுந்து நின்று ஃபைல் நீட்டினார். பெரியவளின் கல்யாணத்துக்கு வீட்டை அடகு வைத்தபோதும், நான் ஏன் வேண்டாமென்று எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. பொட்டு வைத்தது நான்.

கொழும்புக்குப் போகும் முன்பே கிடைத்திருந்த ஒரே உயர்வோடு, மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். பூஜை அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். முருகன் படத்தைத் தூக்கியதும் கவர் கீழே விழுந்தது. குங்குமம் ஏறி ஏறிச் சிவந்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. இனி யார் வேலையை யார் பறிக்கப் போகிறார்கள் என்று ஒரு துணிச்சல் வந்தது. பிரித்தேன்.

மை மங்கியிருந்தாலும் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தேன். கல்யாணத்துக்குப் போன இடத்தில் உறவினர் பரிசாகக் கொடுத்த புதிய டூ-இன்-ஒன்னைப் பயணிகள் தாங்களே முன்வந்து தெரிவித்தார்கள். வரி கட்ட வசதியில்லாததால் அவர்கள் விருப்பப்படி இங்கே வைக்கப்படுகிறது. குறித்த காலத்துக்குள் வரியைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். வேறு நடவடிக்கை எதுவும் இல்லை.

தாங்களே முன்வந்து. அந்த இரண்டு சொல்லில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் அந்த அதிகாரிமேல்தான் கோபம் வந்தது. வாயால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொன்னாரே, இரண்டு முறை, படியுங்கள் என்று.

இவர் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோய் நீட்டினேன். கவரின் குங்குமத்தைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துவிட்டது. வாங்க மாட்டேன் என்பது போலக் கையை மடியில் இறுக்கிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் ஃபைலைப் படிப்பது போல மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். கீழே இருந்த தன் கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

உள்ளே வெள்ளையடிப்பவர்கள் ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நீயாவது ஒரு தடவ படிச்சிருக்கலாம்ல?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே கேட்டார்.

"பயமா இருந்துச்சுங்க," என்றேன்.

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தார்.

"எனக்கும்தான்," என்றார்.

பதினாலு வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.