கொண்டைக்குருவியும் நானும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஐம்பது வயதில் ஒரு கொண்டைக்குருவி மீது பொறாமைப்பட்டேன். கழக்கூட்டத்து வாடகை வீட்டின் பால்கனியில் அது கூடு கட்டியதிலிருந்து என் மலையாளி மனைவி மிக்சி ஓட்டுவதில்லை. என் இருமலுக்கும் தடை.

கூட்டைக் காலி செய்யப் படித்த படிப்பு கைகொடுத்தது. தாய்ப்பறவையை அனுப்பிவிட்டு முட்டைகளை எடுக்கலாம் என்கிறது யூதர்களின் வேதச் சட்டம். தாயின் கண்முன் எடுப்பது கொடுமையாம். மனைவி கடைக்குப் போனதும் துண்டை வீசித் துரத்தினேன். பறந்தது. கையை நீட்டினேன். அது திரும்பி வந்து, என் விரல்களுக்கு அடியில் நுழைந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது. திரும்ப வந்தால் மறுபடியும் அனுப்பச் சொல்கிறது சட்டம். எனக்குத்தான் கை எழவில்லை.

மாலையில் நடந்ததைச் சொல்லி, மனைவியிடம் புலம்பினேன்: "நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதுக்கா அதுக்கு இவ்வளவு உபசாரம்? நானும்தானே உட்கார்ந்திருக்கேன்?"

"அது உட்கார்ந்தா குஞ்சாவது பொரியும், கேட்டோ."