ஓடையில் மிதந்த மீன்கள்

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் ஓடையில் மீன்கள் மிதந்தன. அதிர்ஷ்டம் என்று நினைத்து மடி நிறைய அள்ளிவந்து குழம்பு வைத்தேன். மகள் தட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது வந்த பக்கத்து வீட்டு அக்கா, "அடி ஆத்தி! பூச்சிமருந்து டிரம்மை அந்த ஓடையிலதான்டி கழுவுனாங்க. செத்து மிதந்ததையா பிள்ளைக்குப் போடுற?" என்று அலறினார். தட்டைப் பிடுங்கினேன். குழம்பைக் குழிதோண்டிப் புதைத்தேன்.

மறுநாள் டிரம்மோடு வந்த, எங்களை வேலை வாங்கும் கங்காணியை ஓடைக்கரையில் மறித்தேன்.

"ஆத்தா, ஒனக்கு வேலை வேணுமா, மீனு வேணுமா?" என்று சிரித்தார்.

"ரெண்டும் வேணும்ண்ணே. டிரம்மை ஓடைய விட்டுத் தள்ளிக் கொண்டுபோயிக் கழுவுங்க."

மிதக்கும் மீனை இப்போது நான் தொடுவதில்லை. அன்றிலிருந்து மருந்தடிக்கும் நாளில் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ஓடைக்கரையில் நின்றுகொள்கிறோம். எந்த டிரம்மும் எங்களைத் தாண்டித் தண்ணீரில் இறங்கியதில்லை.