புட்டுப் பானையில் வளைந்த கிற்றார்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எழுபதுகளில் மெல்பேர்ணில் நான் செய்த சின்னக் கிற்றாருக்கு ஈடாக இன்னொன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்!

அதன் வளைந்த பக்கங்களுக்கு எடுத்தது அலையலையாக ரேகை ஓடும் மரம். வளைத்தால் ரேகையிலேயே முறியும். நான் வேலை செய்த கிற்றார்ப் பட்டறையில் எல்லோரும் முறித்தது போக, இரண்டு பலகைகளே மிஞ்சின.

"இதையும் முறித்தால் உனக்குக் கூட்டுகிற வேலைதான்" என்றார் முதலாளி.

பலகைகளையும் அவற்றை வளைக்கும் அச்சையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பலகைகளை நீளமான தகரக் குழாயில் செருகி, புட்டுப் பானையின் வாயில் நிறுத்தி அவித்தேன்.

"என்னப்பா, மரத்தை அவிச்சு ஆருக்குச் சாப்பாடு?" என்றாள் மனைவி.

"முதலாளிக்கு!"

சூடு ஆறுமுன் அச்சில் வைத்து அழுத்தினேன். முனகியது, முறியவில்லை.

கிற்றார் முடிந்ததும் முதலாளி மீட்டிப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத் துண்டை நீட்டினார்.

"உன் பெயரை எழுது. உள்ளே ஒட்டுவோம்."

எனக்குத் தெரிந்த எழுத்தில், தமிழில், பெரிதாக எழுதினேன். அன்றுதான் என் பெயர் எனக்கே அழகாகத் தெரிந்தது.