இல்லாதவர்களுக்குத் தைத்த போர்வை

தையல்காரனுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: பண்டிகைக்கு முந்தின நாள் துணி கொடுப்பவர்கள், பண்டிகை அன்று காலையில் கொடுப்பவர்கள். செஞ்சி கடைவீதியில் மிஷின் போட்ட நாளிலிருந்து இவர்களிடம் நான் பட்டதைச் சொன்னால், கத்தரிக்கோல் பிடித்தவர் யாராயிருந்தாலும் என்னோடு உட்கார்ந்து அழுவார். ஆனால் இப்போது சொல்லப்போவது அவசரமே இல்லாத சில வாடிக்கையாளர்களைப் பற்றி.

ஆரம்பம்

ஆரம்பித்து வைத்தவள் பிலோமினா. என் கடையில் காஜா எடுப்பது, ஹெம்மிங் செய்வது, சண்டைக்கு வருகிறவர்களிடமிருந்து என்னைக் காப்பாற்றுவது எல்லாம் அவள்தான். அவளுடைய ஊர் மாதா கோயிலில் சிஸ்டர் ஒருவர் போனில் ஒரு படம் காட்டினாராம். இறந்துபோனவர்களின் துணியை வெட்டி, ஆளுக்கு ஒரு கட்டமாகத் தைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒட்டுப் போர்வையாக மாட்டியிருந்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் முடிவு செய்ய, வேலை என் தலையில் விழுந்தது.

செத்தவர் துணியைக் கடைக்குள் விடுவதா என்று முதலில் நான் முறுக்கிக்கொண்டேன். பிலோமினா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "உயிரோட இருக்கிறவங்கதான் தலை மேல நிக்கிறாங்க. இவங்களாவது டென்ஷன் பண்ண மாட்டாங்கண்ணே."

நல்ல இடம், கெட்ட இடம்

அக்கா தங்கைகள் மூன்று பேர் அம்மாவின் புடவையைக் கொண்டுவந்தார்கள். போர்வைக்கு ஒரு கட்டம், அது போக வீட்டுக்கு ஆளுக்கு ஒன்று. நான் தொழில் தெரிந்தவன் இல்லையா? கொசுவப் பக்கம் சாயம் போகாமல் பளிச்சென்று இருந்தது. அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரிக்கோலை வைத்தேன். மூன்று பேரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள்.

அவர்களுக்கு வேண்டியது முந்தானை நுனி. மஞ்சளும் எண்ணெயும் ஏறி, நிறமே மாறிப்போன இடம். எந்தத் தையல்காரனும் ஒதுக்கித் தள்ளுகிற கறைக்கு மூன்று பேரும் முட்டிக்கொண்டார்கள். அதைப் பட்டை பட்டையாக வெட்டி எல்லாக் கட்டத்திலும் வைத்துத் தருகிறேன் என்றதும்தான் சமாதானம் ஆனார்கள். படி இறங்கிப் போன மூத்தவள் திரும்பி வந்து சொன்னாள்: "தெரியாத்தனமா தொவைச்சிடாதீங்க டைலர். எங்கம்மா கை தொடைச்ச எடம் அது."

நடுவில் ஒரு வெள்ளை

எல்லார் வீட்டுத் துணியும் வந்துவிட்டது, பிலோமினா வீட்டுத் துணி மட்டும் வரவில்லை. அவள் புருஷன் ஆரோக்கியசாமி கொத்தனார். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். கொடியில் தொங்கும் சட்டையைப் பார்த்துப் பார்த்து இவள் சுருண்டு கிடந்ததைத் தாங்காமல், மாமியார் அவருடைய துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் செங்கல் சூளை ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் புருஷனுடையது என்று ஒரு கைக்குட்டைகூட இவளிடம் இல்லை.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கட்டம் தைத்தவளுக்கு ஒரு கட்டம் இல்லை. போர்வையின் நடுவில் வெறும் வெள்ளைத் துணியை வைத்து ஓரம் அடித்தாள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அவர் சட்டை நிறத்தில் புதுத்துணி வாங்கி வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "அவரு போடாத துணி எனக்கு எதுக்குண்ணே? காலியாவே இருக்கட்டும். வீட்லயும் அப்படித்தானே இருக்குது."

கல்லாவுக்கு மேலே

விஷயம் கடைவீதியில் பரவிவிட்டது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர், காலமான அப்பாவின் தோள் துண்டைக் கொடுத்துத் தனியாக ஒரு கட்டம் கேட்டார். செத்தவர் துணி வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். அதனால் கண்ணாடி பிரேம் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். எப்படி இருக்கிறது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "இன்னாத்த சொல்றது டைலர்? நைனா துண்டப் பார்த்ததும் வேலை செய்யிற ஆளுங்க செல்போன உள்ள வெச்சிட்டாங்க. நானும் வெச்சிட்டேன்."

அமாவாசைக் கூட்டத்தில்

அமாவாசை அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் டீக்கடைக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. இடித்துக்கொண்டு போகும்போது எதிரில் எலுமிச்சம்பழக் கூடையோடு ஒரு ஆள். பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. அதன் பாக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு டீ மறந்துபோனது. பென்சிலுக்கு ஒரு பக்கம், டேப்புக்கு ஒரு பக்கம் என்று ஆரோக்கியசாமி கேட்டு வாங்கிய தடுப்பு வைத்த ஆழப் பாக்கெட். நான் தைத்தது எனக்குத் தெரியாதா? யார், என்ன என்று கேட்கத் தோன்றாமல் நேராகப் போய் அதைத் தொட்டுவிட்டேன். அந்த ஆள் போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது: "இன்னாய்யா, பட்டப்பகல்ல பாக்கெட்டுல கைய வெக்கிற?"

பனியனோடு ஒருவர்

அடி விழுவதற்கு முன் விஷயத்தைச் சொல்லி, கையோடு அவரைக் கடைக்கு அழைத்து வந்தேன். முன்பு சூளையில் வேலை செய்தவர்தான். பிலோமினா சட்டையைப் பார்த்தாள், எழுந்தாள். அவர் மளமளவென்று பட்டனைக் கழற்றிச் சட்டையையே நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டி, பாக்கெட்டை மட்டும் தொட்டுக் காட்டினாள்.

நான் தையலைப் பிரித்தேன். பாக்கெட்டுக்கு அடியில் இருந்த துணி வெயிலே படாமல், அன்றைக்கு வெட்டிய மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள். நானும்தான், மறைப்பானேன்? புதுப் பாக்கெட் வைத்து முடிக்கும்வரை பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மெதுவாகக் கேட்டார்: "ஒரு வருசமா போட்டுக்கினு சுத்துறேன், யாரு சட்டைன்னே தெரியாது. அவரு பேரு இன்னாம்மா?"

கல்லறைத் திருநாள்

கோயில் சாமியார் கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்தபோது போர்வை இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை இருந்த இடத்தில் இப்போது பாக்கெட். யாரும் கூப்பிடாமலே எலுமிச்சம்பழக்காரரும் வந்து, ஆரோக்கியசாமியின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார், அதே சட்டையில். பிலோமினாவின் மாமியார் தூரத்திலிருந்தே சட்டையைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்தார், தோள் தையலைத் தடவினார், பிறகு மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "குடுத்துட்டேனேன்னு மனசு அடிச்சிக்கினே இருந்துச்சுடி. பொட்டியில வெச்சிருந்தா இப்படி எழுந்து நடந்து வந்திருக்குமா?"

தைத்ததை ஒருவரும் போட்டுப் பார்க்காமலே நல்ல பெயர் வாங்கிய தையல்காரன் செஞ்சியில் நான் ஒருவன்தான், அதற்கு நன்றி சொல்லலாம் என்றால் அந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் அல்லவா இருக்கிறார்கள்!