கரி பிடித்த நான்கு பிளக்குகள்

புகைச் சான்றிதழ் இல்லாமல் பதிவைப் புதுப்பிக்க முடியாது, பதிவு இல்லாவிட்டால் காரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். எனக்கு இருந்தது மூன்று வாரம். என்னைவிட நான்கு வயது மூத்த அந்தக் காரோ கறுப்புப் புகையாக ஊதிக்கொண்டிருந்தது.

கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக விடுகிறது. எவ்வளவு அதிகம் என்பதை ஸ்பார்க் பிளக்கின் முனை சொல்லிவிடும். பிஸ்கட் நிறம் என்றால் சரி, கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இவ்வளவுதானே, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தினமும் வேலை முடிந்து வண்டலூரிலிருந்து தாம்பரத்துக்கு அந்தக் காரில்தான் வருவேன். பெருங்களத்தூரில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து வீடு சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். வந்ததும் பானட்டைத் திறந்து, விரல் சுடச் சுட பிளக்குகளைக் கழற்றுவேன். நான்கும் அடுப்புக்கரி. கார்புரேட்டர் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைப்பேன். மறுநாளும் கரி. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றி, துளை சிறியதாக உள்ள வேறொன்றை வாங்கி மாட்டினேன். அப்போதும் கரிதான். ஆத்திரத்தில் ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தேன், பூச்சு பெயர்ந்து விழுந்தது.

"வண்டிக்கு மூஞ்சி கறுத்தா உங்களுக்கு ஏன் கறுக்குது? சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.

அதைவிடச் சின்ன ஜெட் போட்ட பிறகுதான் பிளக் பழுப்பாக வந்தது. மறுநாளே புகைச் சோதனைக்குப் போனேன். பாஸ்! "புது வண்டி கணக்கா கீது சார்," என்றார் சோதித்தவர். தலைகால் புரியவில்லை எனக்கு. மனைவியை ஏற்றிக்கொண்டு வண்டலூர் வெளிவட்டச் சாலைக்குப் போய், காலியான ரோட்டில் பல மாதங்களுக்குப் பிறகு காலை அழுத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டப்பாவில் கூழாங்கல் குலுக்குவதுபோல் எஞ்சினில் ஒரு சத்தம், பின்னால் நீலப் புகை, கார் நின்றுவிட்டது. ஆர்டிஓ ஆபீசில் காரை ஓட்டிக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

போன் போட்டதும் கீழ்க்கட்டளையிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். ஒரு பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எலும்பாக வெளுத்திருந்தது. முனையில் உருகிய அலுமினியப் பொட்டுகள்.

"பெட்ரோல் பத்தாம சூடேறி, பிஸ்டன் உருகி ஓட்டை சார். இத்தினி நாளு பிளக்க எங்க வச்சுப் பாத்த?"

"வீட்லதான் பாய். ஆபீஸ்லேர்ந்து வந்ததும்."

"நின்னு நின்னு வந்தா எந்த பிளக்கும் கரியாத்தான் வரும். வேகமா போய்க்கினே சாவிய ஆஃப் பண்ணி, ஓரங்கட்டி, அங்கியே கயட்டிப் பாக்கணும். நீ பாத்தது பெருங்களத்தூர் டிராபிக்க சார். அதுக்கா ஜெட்ட மாத்துவ? இந்த வண்டிக்கு பிஸ்டன் தேடவே ரெண்டு மாசம் ஆவும்."

அவர் சொன்ன முறையை நான் முன்பே இணையத்தில் படித்திருந்தேன். நான் தினமும் வரும் ஜிஎஸ்டி ரோட்டில் எவன் ஓரங்கட்டிக் கழற்றுவது என்ற சோம்பலில் விட்டுவிட்டேன். அதைப் பாயிடம் சொல்ல வாய் வரவில்லை, மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. புகை கக்கினாலும் அந்தக் கார் அதுவரை ஒருநாளும் எங்களை நடுரோட்டில் விட்டதில்லை. சான்றிதழ் வாங்கிய கையோடு நான்தான் அதைக் கொன்றேன்.