வெள்ளி கலக்காத பிளாஸ்டிக்

தொண்ணூறுகளின் கடைசியில், கிள்ளானில் பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷனாகச் சேர்ந்தேன். அங்கே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்துகொண்டிருந்தார். கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்களைக் கலந்தால் பிளாஸ்டிக்கின் குணம் எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

ஒருநாள் காலை மைக்ராஸ்கோப் முன்னால் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

“என்ன மிஸ், டல்லா இருக்கீங்க?”

“எல்லாம் வீணாப் போச்சுண்ணே. உருகின பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளே படிகம் வளரும். வெள்ளி இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டுப் பொடிப்பொடியா நெறைய முளைக்கணும். வெறும் பிளாஸ்டிக்னா அங்கொண்ணு இங்கொண்ணு, பெருசா வளரணும். இங்க ரெண்டும் ஒரே மாதிரி பொடியா இருக்கு.”

படிகம் பற்றி எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கும் மெஷின் பற்றித் தெரியும்.

“எதை முதல்ல ஓட்டுனீங்க?”

“வெள்ளி கலந்ததை. அப்புறம் நல்லாத் துடைச்சேனே.”

“துடைச்சா பத்தாது லா. உள்ளே பிளாஸ்டிக்கைத் தள்ளுற ஸ்க்ரூவுல ஒட்டியிருக்கும். சிவப்பு வாளிக்கு அப்புறம் வெள்ளை வாளின்னா, நாங்க ஒரு மூட்டை பிளாஸ்டிக்கை சும்மா ஓட்டித் தள்ளுவோம்.”

“ஆனா நிறமே இல்லாம சுத்தமா வந்துச்சே!”

“உங்க வெள்ளிதான் கண்ணுக்குத் தெரியாதே, மிஸ்.”

அவர் பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஸ்க்ரூவைக் கழற்றினோம். நான் பழக்கத்தில் பித்தளை பிரஷை எடுக்க, “ஐயோ, அதுவும் உலோகம்ணே!” என்று பிடுங்கிக்கொண்டார். துணியாலேயே தேய்த்து, மதியம் வரை வெறும் பிளாஸ்டிக்கை ஓட்டினோம்.

புதிய துண்டை மைக்ராஸ்கோப்பின் கீழேயே உருக்கி, அது ஆறும்போதே என்னைத்தான் முதலில் பார்க்கச் சொன்னார். ஒரே இருட்டு. பிறகு ஒரு வெளிச்சப் புள்ளி. தூரத்தில் இன்னொன்று. இரண்டும் மெதுவாக, வட்டமாக, நடுவில் கறுப்புச் சிலுவையோடு பூ மாதிரி விரிந்தன. இத்தனை வருடம் வாளிக்குள் இதுவா இருந்தது!

“பெருசு பெருசா வருது மிஸ்!” என்று கத்திவிட்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். கண் கலங்கச் சிரித்தார்.

மறுவாரம் இழுத்துப் பார்க்கும் சோதனை. வெள்ளி கலந்த துண்டுகள் சுலபத்தில் நீளாமல் விறைப்பாக நின்றன. வெள்ளி அதிகமானவை மட்டும், துகள்கள் கட்டியாகிவிட்டதால், படக்கென்று உடைந்தன. “உடைஞ்சாலும் ரிசல்ட்தாண்ணே!” என்று குஷியாக எழுதிக்கொண்டார்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில், பேராசிரியருக்கு அடுத்த வரியில் என் பெயர். பக்கத்து வீட்டு ஆன்டியிடம் அதைக் காட்டிவிட்டு வந்துதான் என் மனைவி எனக்குச் சோறு போட்டாள்.