அக்தரி பேகத்தின் பாக்குவெட்டி

‘டக்’கென்று பாக்குவெட்டியால் தரையில் ஒரு தட்டு தட்டினார் அக்தரி பேகம். திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய கணவர் ஹயாத் பாஷா, விருந்தாளியின் தட்டில் உடனே இன்னொரு கரண்டி பிரியாணியைச் சரித்தார். ஒரு தட்டு என்றால் ‘பரிமாறு’. இரண்டு தட்டு என்றால் ‘பேச்சை மாற்று’. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்து அத்தனை ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மனிதர், வீட்டில் இந்தப் பாக்குவெட்டிக்குத்தான் அடக்கம். கோஷாப் பெண்ணின் முகம் வெளியே தெரியக்கூடாது. சத்தம் கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

என் வீட்டுக்காரர் இந்த ஊர்த் தபாலாபீசுக்கு மாற்றலாகி வந்த நாள்முதல் பேகம் எனக்குச் சிநேகிதி. திரைக்குள் அவர் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் உண்டு. அவர் வீட்டில் நான் வாழைப்பழத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்பதில்தான் அவருக்கு மனத்தாங்கல். “இன்னா சௌந்தரம், பழத்தத் தின்னே உசுர வச்சிருக்கியா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த சீப்பை என் பக்கம் தள்ளுவார்.

ஒல்லி உடம்பு, வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு, காது மடல் முழுக்க வளையம். அந்தக் காதுகள் இருக்கின்றனவே, அப்பப்பா! வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே வந்தவர் யார், என்ன நிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவார். “காலத் தேய்ச்சுக்கினு வர்றான் பாரு, சரக்கு போணியாவல” என்பார். திரை இடுக்கில் நான் எட்டிப் பார்த்தால், தொங்கிப்போன முகத்தோடு ஒரு தோல் வியாபாரி நிற்பார்.

இப்பேர்ப்பட்டவரைத் தூங்கவிடாமல் அடித்தவன் ஒரே மகன் இஷ்தியாக் அகமது. இண்டர்மீடியட் தேறிவிட்டான். இரண்டு யுனிவர்சிடிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. பெயரெல்லாம் நான் சொல்லமாட்டேன். சொன்னால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் என் வீட்டு வாசலில் கம்போடு நிற்பார்கள். படிப்பு இரண்டிலும் ஒசத்திதான். ஆனால் பையனுக்குத் திக்குவாய். இதுவரை பெரியப்பா மகன் கூடவே படித்தான், இவனுக்கும் சேர்த்து அவனே பேசினான். இனிமேல் தனியாகப் போகவேண்டும். “எந்த எடத்துல என் புள்ள வாயத் தொறப்பான்? அதச் சொல்லு எனக்கு, போதும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் அழுதேவிட்டார்.

கோஷாவில் இருப்பவருக்கு நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. அதனால் பேகம் யுனிவர்சிடிகளையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டார்! விடுமுறைக்கு வந்திருந்த மாணவர்களுக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகளில் விருந்து. முதல் வாரம் வடக்கே படிப்பவர்கள், அடுத்த வாரம் தெற்கே படிப்பவர்கள்.

வடக்கத்திப் பிள்ளைகள் ஷெர்வானியும் குல்லாவுமாக வந்தார்கள். என்ன மரியாதை, என்ன பதவிசு! ஒரு பருக்கை விரிப்பில் சிந்தவில்லை. ஹயாத் பாஷாவுக்கு வாயெல்லாம் பல். இஷ்தியாக் மெல்ல, “ஹாஸ்டல்ல ப... ப...” என்று ஆரம்பித்தான். பக்கத்திலிருந்த ஆபித் பாஷா என்ற மாணவன் அன்போடு, “படுக்கைதானே கேக்கறீங்க? எல்லாம் இரும்புக் கட்டில்” என்றான். இஷ்தியாக் தலையை ஆட்டினான். அப்புறம் அவன் எதைத் தொடங்கினாலும் யாராவது அக்கறையோடு முடித்துக் கொடுத்தார்கள். அவனும் தலையை ஆட்டியபடியே சாப்பிட்டு முடித்தான்.

“தங்கமான பிள்ளைகள், அக்கா” என்றேன். பேகம் பாக்கை வெட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“தங்கந்தான். என் புள்ள பந்து வெளாட்டப் பத்திக் கேட்டான். கட்டில குடுத்துட்டாங்க.”

அடுத்த வெள்ளிக்கிழமை தெற்கத்திக் கூட்டம் வந்தது. கூட்டமா அது, சந்தை! ஹாஸ்டல் சாப்பாடு நல்லதா மட்டமா என்பதிலேயே அவர்களுக்குள் ரகளை. ஒருவன் தட்டிலிருந்து ஒருவன் கறியைப் பிடுங்கினான். கத்திரிக்காய்க் குழம்பு விரிப்பெல்லாம் ஓடியது. தீர்ந்தது, இனி வடக்குதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பேரணாம்பட்டு ஜியாவுல்லா என்பவன் வாய் நிறையச் சோற்றோடு, “குரோம் வந்துட்டா நம்ம ஆவாரம்பட்ட பதமெல்லாம் காலி” என்றான். குரோம் என்பது தோல் பதனிட வந்திருக்கும் புது மருந்து; இந்த ஊரில் ஆவாரம்பட்டையில் ஊறவைப்பதுதான் வழக்கம்.

“இல்ல. ப... ப... ப...” என்று இஷ்தியாக் சிக்கிக்கொண்டான்.

பேகத்தின் கை தானாகவே எழும்பியது. மகன் வார்த்தையில் மாட்டினால் இரண்டு தட்டு. தகப்பனார் பேச்சை மாற்றிவிடுவார். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நடப்பது இதுதான். ஆனால் திரைக்கு வெளியே ஜியாவுல்லா எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவனைப் பார்த்திருந்தான். அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. பாக்குவெட்டி அந்தரத்திலேயே நின்றது.

“ப... பட்டைல போட்ட தோலு மாதிரி குரோம் தோலு வராது!”

“யார்ரா சொன்னான்? சுத்தப் பொய்!” என்று ஜியாவுல்லா பாய்ந்தான்.

“நீ எ... எங்க ஷாப்புக்கு வந்து பாருடா!”

இஷ்தியாக் கத்தினான். ஆமாம், கத்தினான்! திக்கினான், விழுந்தான், எழுந்தான், மறுபடி கத்தினான். அவர்களும் விடவில்லை. பேகம் என் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரித்தார். “என் புள்ளகூட சண்ட போட்றாங்க, சௌந்தரம்! அல்லா, சண்ட போட்றாங்க!”

விருந்து கலைந்ததும் ஹயாத் பாஷா திரையோரம் வந்தார். “விரிப்பு பாழாப்போச்சு, ஒரே பேஜாரு. வடக்குக்கே எழுதிப் போட்றட்டா? இன்னா சொல்றே?”

பேகம் வாயைத் திறப்பதற்குள் திரையை ஒதுக்கிக்கொண்டு இஷ்தியாக் உள்ளே வந்தான். முகமெல்லாம் வியர்வை. “அம்மா, நான் தெ... தெ...”

அவனுக்குப் பேச்சு வந்த நாள்முதல் அவன் சொல்லை முடித்துக் கொடுத்தது பேகத்தின் வாய்தான். எனக்கே நாக்கு துறுதுறுத்தது. அக்தரி பேகம் முந்தானையைச் சுருட்டிப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, மகன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.